மூன்று பென்சில்கள்

தார்த்து நகரில், குன்றின் சரிவில் இருக்கிறது
எங்கள் நாட்டின் கடைசி நீதிமன்றம்.
அதற்கும் மேலே மரங்கள், காக்கைகள்.
அவற்றிடம் இதுவரை யாரும் மேல்முறையீடு செய்ததில்லை.

நான் மாய்மு. கட்டுகளைப் பிரித்து எண் போடுபவள்.
பதினோரு ஆண்டுகளில்
ஒரு கொலைகாரனைக்கூடப் பார்த்ததில்லை,
ஒரு தாயின் அழுகையைக்கூடக் கேட்டதில்லை.
இங்கே பெரும்பாலும் ஆட்கள் வருவதில்லை.
காகிதம் வருகிறது,
குளிரில் விறைத்து, சணல் கயிறு கட்டி.

மனு உள்ளே நுழைய
மூன்று நீதிபதிகளில் ஒருவருக்குத் தோன்றினால் போதும்.
ஓரத்தில் ஒரு பென்சில் கோடு.
மூவருக்கும் தோன்றாவிட்டால் ஒற்றை வரி:
எடுத்துக்கொள்ளப்படவில்லை.
ஏன் என்று எழுத வேண்டியதில்லை.
எழுத ஆரம்பித்தால்
வீட்டுக்குப் போக முடியாது என்பார் நீதிபதி ஹில்லார்.

பிப்ரவரியில் ஒரே நாளில் இரண்டு கட்டுகள்.

ஒன்று பெய்ப்சி ஏரிக்கரையிலிருந்து.
அட்டையிலேயே புகையூட்டிய மீன் வாசம்.
லுக்யான், வெங்காயம் பயிரிடுபவர், வயது அறுபத்தொன்று.
உறைந்த ஏரியின்மேல், தன் வலையை அறுத்த ஒருவனைப்
பனி உடைக்கும் கடப்பாரையால்
அடித்தார் என்று வழக்கு.

அடித்தாரா?
அது எங்கள் கேள்வி இல்லை.
இரண்டு தீர்ப்புகளுக்கு முன்னால்,
கீழே, கேட்டு முடித்த கேள்வி அது.

எங்களுக்கு வந்தது வேறு:
பார்த்ததாகச் சொன்ன ஒரே ஆள், கிழவர் யெஃபீம்,
விசாரணைக்கு முன்பே இறந்துவிட்டார்.
போலீஸிடம் சொன்னதை
இன்னொருவர் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.
குறுக்குக் கேள்வி கேட்க ஆளில்லை.
இறந்தவன் சொல் அம்பலம் ஏறுமா?

இன்னொன்று வில்யாந்தியிலிருந்து.
அக்கா தங்கை. லெய்தா, விர்வே.
தாய் விட்டுப்போன சவுனாக் குடிசைக்குப்
போகும் பாதை யாருடையது?
பாதை நாற்பதடி.
கட்டு நானூற்று ஆறு பக்கம்.
மூன்று வக்கீல்கள், ஒரு நில அளவையாளர்,
ஒரே பிர்ச் மரத்தின் எட்டுப் புகைப்படங்கள்.
கடைசித் தாளின் அடியில், வக்கீலுக்குத் தெரியாமல்,
லெய்தா கையால் எழுதியிருந்தாள்:
"சனிக்கிழமை அங்கே விளக்கெரிகிறது.
தனியாகக் குளிக்கிறாள்.
என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள்."

புதிய ஆதாரம் இங்கே ஏற்கப்படாது.
இது ஆதாரம்தானா என்றும் சட்டத்தில் இல்லை.
கட்டோடு கிடக்கலாம், யாரும் படித்ததாக ஆகாது.
நான் படித்தேன்.
நான் கணக்கில் இல்லை.

லுக்யான் கட்டில் ஒரு கோடு,
ஹில்லாருடைய மழுங்கிய பென்சில்.
மற்ற இருவரும் ஒன்றும் போடவில்லை. ஒன்று போதும்.

லெய்தாவின் கட்டை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.
ஓரமெல்லாம் வெள்ளை.
இருநூறாம் பக்கத்தில் காப்பிக் கறை.
அங்கே வரை யாரோ வந்திருக்கிறார்கள்.

ஆற்றில் பனி உடைந்த வாரம்
லுக்யான் தீர்ப்பு வந்தது, பதினாறு பக்கம்.
குற்றமற்றவர் என்று எங்கும் இல்லை.
குற்றவாளி என்றும் இல்லை.
கீழ்த் தீர்ப்புகள் ரத்து. மறுவிசாரணை.

யாரை விசாரிப்பார்கள்?
அடிபட்டவன் பெயர் ரெயின். இருபத்தாறு வயது.
இடது காது கேட்காது, சான்றிதழ் அறுபத்தேழாம் பக்கத்தில்.
அடி பின்னாலிருந்து வந்தது என்கிறான்,
பனியைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்கிறான்.
பதினாறு பக்கத்திலும் பிழை தேடினேன்.
ஒரு காற்புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது.
திருத்திவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சகோதரிகளின் ஒற்றை வரி.
இரண்டு பிரதி, இரண்டு உறை,
ஒரே தெரு, பக்கத்துப் பக்கத்து வீட்டு எண்கள்.
முத்திரை ஈரம் காய ஊதினேன்.

அன்று வெள்ளிக்கிழமை.
நாளை மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும்,
விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே, என்றாள் தபால்காரப் பெண்.
நான் கேட்டதால் சொன்னாள்.